மேல் வரிசை முதல் ஆணி

பலகை பெரிதாகப் பெரிதாக மோட்டார்கள் காணாமல் போயின. திருட்டு இல்லை. ஷெட்டுக்குள்ளேதான் கிடக்கும். எந்த நிலையில் நிற்கிறது, யார் கையில் இருக்கிறது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

பேட்டையில், சேரன்மகாதேவி போகிற ரோட்டில் இருந்தது பட்டறை. கிணற்று மோட்டார் பழுது பார்க்கிற இடம். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. கோடையில் கரண்ட் மங்கும். மங்கின கரண்டில் ஓட்டினால் மோட்டாருக்குள் இருக்கிற காயில் எரியும். காயில் என்றால் உள்ளே சுற்றி வைத்திருக்கிற செம்புக் கம்பி. எரிந்ததை உருவிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டவேண்டும். சுத்தமல்லி, கோபாலசமுத்திரம், மானூர், முக்கூடல் என்று எல்லாப் பக்கமிருந்தும் டெம்போவிலும் மாட்டுவண்டியிலும் வந்து இறங்கும்.

“பாவநாசத்துல நம்ம ஆத்துத் தண்ணியிலதான் கரண்டு எடுக்கான். நமக்கு அனுப்பும்போது மட்டும் தண்ணி கலந்து அனுப்புதான்” என்பார் கட்டின காயிலுக்கு வார்னிஷ் போடுகிறவர்.

முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். கம்பி வாங்கக் கோயம்புத்தூர் போனவர் அங்கே ஒரு கம்பெனியில் இப்படி ஒரு பலகையைப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சீட்டு. வேலை நகர்ந்தால் சீட்டும் பலகையில் நகரும். சுவரைப் பார்த்தால் போதும், எது எங்கே நிற்கிறது என்று தெரியும். ஜப்பான்காரன் வழியாம். ஊர் திரும்பினதும் எங்களை நிற்கவைத்துச் சொன்னார்.

“இனிமே சீட்டுதான் நடக்கணும். ஆளு இங்கனயும் அங்கனயும் நடக்கப்பிடாது.”

“அப்ப டீக்கடைக்கு யாரு அண்ணாச்சி போவா, சீட்டா?”

கேட்டது என் தங்கை வீட்டுக்காரர். காயில் கட்டுகிறவர். நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். அவருக்கு வாய் சும்மா இருக்காது. அண்ணாச்சியே சிரித்துவிட்டார்.

சீட்டு எங்கள் பட்டறைக்குச் சரிப்படவில்லை. எண்ணெய்க் கை பட்டால் அன்றைக்கே கிழிந்துவிடும். காலி வார்னிஷ் டப்பாவை வெட்டித் தகர வில்லை செய்தோம். வில்லையில் ஒரு நம்பர், மோட்டாரில் அதே நம்பர். ஒட்டுப்பலகையைச் சுவரில் அடித்துக் கட்டம் பிரித்தோம். வந்தது, பிரித்தது, காயில், வார்னிஷ், பிரித்ததைத் திரும்ப மாட்டுவது, ஓட்டிப் பார்த்தது. ஒவ்வொரு கட்டத்திலும் ஆளுக்கு ஓர் ஆணி. மோட்டாரை எடுக்கிறவன் அதன் வில்லையைத் தன் ஆணியில் மாட்டவேண்டும். முடித்தால் அடுத்த கட்டத்துக்குத் தள்ளவேண்டும். இவ்வளவுதான்.

காயில் கட்டத்தில் மேல் வரிசை முதல் ஆணி மாப்பிள்ளைக்கு. பட்டறையில் முதலில் காயில் கட்ட உட்கார்ந்தவர் அவர்தான்.

பலகை ரோட்டைப் பார்த்து இருந்தது. கேட்டில் நின்றாலே தெரியும். தங்கை பீடி சுற்றுகிறவள். சுற்றின பீடியைக் கொடுக்க எங்கள் பட்டறை வழியாகத்தான் போவாள். மாப்பிள்ளை அவளுக்குத் தன் ஆணியைக் காட்டிக் கொடுத்திருந்தார். போகும்போது கேட்டில் நின்று ஒரு பார்வை பார்ப்பாள். வில்லை நிறையத் தொங்கினால் அவர் பொழுது சாய்ந்துதான் வருவார். அதற்குத் தக்கபடி உலை வைப்பாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அந்த ஆணியை வாசிக்கத் தெரியும்.

நான் மோட்டார் பிரிக்கிற வேலையில் இருந்தேன். கனமான ஒன்றைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிர முடியாது, குனிய முடியாது. அண்ணாச்சி வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன்.

“அஞ்சாப்பு படிச்சிருக்கேருல்லா. நம்பர் தெரியும்லா. பலகையைப் பாரும்” என்றார் அண்ணாச்சி.

அப்படித்தான் பலகை என் கைக்கு வந்தது.

கொஞ்ச பேர் இருந்தவரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை. பிறகு பின்னால் இன்னொரு ஷெட் போட்டார்கள். ஐடிஐ படித்த பிள்ளைகள் வந்தார்கள். பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கட்டங்கள் கூடின. பேரிங் இல்லை என்று ஒரு கட்டம். கம்பி வரவில்லை என்று ஒரு கட்டம். சொந்தக்காரர் வந்து பார்க்கவில்லை என்று ஒன்று. வேலை செய்ய ஆளுக்கு மனம் இல்லாவிட்டால் அதற்கும் ஒரு கட்டம் போட்டிருப்பார்கள். வில்லையை எங்கே மாட்டுவது என்று நின்று யோசித்துவிட்டுக் கடைசியில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். துவைக்கும்போது வீட்டில் கண்டெடுத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். நிற்கிற மோட்டார் எல்லாவற்றுக்கும் ஒரே கட்டம் போதும் என்று மற்றதை அழித்தேன். பின் ஷெட்டுக்காரர்கள் பலகைக்கு நடந்து வரச் சோம்பல்பட்டார்கள். பலகையையே இரண்டு ஷெட்டுக்கும் நடுவில், ரோடு தெரிகிற சுவருக்கு மாற்றினேன்.

பெரிய தொல்லை ஆணி. நீள ஆணியாக இருந்தால் மனுஷன் மாட்டிக்கொண்டே போவான். மேலே தொங்குகிறதை மட்டும் பார்ப்பான். அடியில் கிடக்கிறது அடியிலேயே கிடக்கும். அந்த மோட்டார்காரன் வந்து சத்தம் போடும்போதுதான் தேடுவோம். அதனால் நீள ஆணிகளைப் பிடுங்கிவிட்டுக் குட்டை ஆணி அடித்தேன். மூன்று வில்லை மாட்டலாம். நாலாவது கீழே விழும். விழுந்தால் இருப்பதை முடித்துவிட்டுத்தான் அடுத்ததை எடுக்கவேண்டும்.

எல்லோரும் முனகினார்கள். மாப்பிள்ளை முனகவில்லை, தடுத்துவிட்டார்.

“என் ஆணியில கை வச்சேரு, நான் சும்மா இருக்கமாட்டேன் பாத்துக்கிடும்.”

“எல்லாருக்கும் ஒரே சட்டம், மாப்ள.”

“சட்டத்தைக் கொண்டுபோய் வாய்க்கால்ல போடும். அது ராசியான ஆணிவே. நான் மூணுக்கு மேல மாட்டமாட்டேன். ஆணி மட்டும் அப்படியே இருக்கட்டும்.”

விட்டுவிட்டேன். அவரும் சொன்னபடி மூன்றுக்கு மேல் மாட்டவில்லை.

அந்த மாசியில் அவர் முகம் காலையில் ஊதியிருந்தது. தூக்கம் சரியில்லை என்றார். பிறகு கால் ஊதியது. செருப்பு போட முடியவில்லை. பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். கிட்னி ரெண்டும் சுருங்கிவிட்டது என்றார்கள். ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற மெஷினுக்கு மதுரை போகச் சொன்னார்கள். சில தடவை போனார். பிறகு அவ்வளவு தூரம் பஸ்ஸில் உட்கார முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

“ஆணியில என்ன தொங்குது?”

நம்பர் சொன்னேன்.

“எடுத்துராதியும். வந்து கட்டிருதேன். ஆணி இருந்தா நான் வேலைக்காரன் மச்சான். இல்லைன்னா சீக்காளி.”

தங்கை பக்கத்தில்தான் நின்றாள்.

“யாரு எடுக்கப் போறா? அண்ணன் பாத்துக்கிடமாட்டாவளா?” என்றாள்.

நான் எடுக்கவில்லை. பட்டறையில் யாரும் எடுக்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு ஒரு நினைப்பு உண்டு. ஆள் படுக்கையில் கிடக்கும்போது அவன் சாமானை எடுத்து இன்னொருவன் கையில் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அவன் எழுந்திருக்க மாட்டான் என்று நாமே சொன்ன மாதிரி. அவர் ஸ்டூலில்கூட யாரும் உட்காரவில்லை. தினமும் காலையில் வார்னிஷ்காரர் அதைத் துடைத்து வைப்பார்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை.

சித்திரை பிறந்தது. எரிந்த மோட்டார்கள் வந்து குவிந்தன. மற்ற கட்டங்களில் வில்லை ஓடியது, காயில் கட்டத்தில் நின்றது. அண்ணாச்சி பலகையைப் பார்ப்பார், காயில் கட்ட ஆள் பற்றவில்லை என்பார். ஓர் ஆளைச் சேர்த்தார். அப்படியும் நின்றது. இன்னோர் ஆளைச் சேர்த்தார். வார்னிஷ் காய நேரமாகிறது என்றார்கள் சிலர். கரண்ட் இல்லை என்றார்கள் சிலர். சொந்தக்காரர்கள் கேட்டுக்கு வெளியே வரிசையாக நின்று ஏசினார்கள்.

“எங்க அடைச்சிருக்குன்னு பாரும்வே. இவ்வளவு பேரைச் சேத்தும் ஓடமாட்டேங்கு” என்றார் அண்ணாச்சி.

எல்லோரும் பலகையை ‘வந்தது’ பக்கமிருந்துதான் பார்ப்பார்கள். சத்தம் அங்கேதான் இருக்கும். நான் மறுபக்கமிருந்து பார்ப்பேன். வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் கடைமடையிலிருந்து வாய்க்காலோடு மேலே நடந்துபோய்த்தானே அடைப்பைப் பார்க்கிறோம். அப்படித்தான். ஓட்டிப் பார்த்த கட்டம் காலி. மாட்டுகிற கட்டத்தில் ஆட்கள் சும்மா நிற்கிறார்கள். வார்னிஷில் ஒன்றிரண்டு. காயில் கட்டத்தில் குட்டை ஆணிகளில் மூன்றுக்குள்தான் தொங்குகிறது, சரியாக நகர்கிறது. மேல் வரிசை முதல் ஆணி மட்டும் தகரக் கொத்தாக இருந்தது. அவர் ஆணி என்று அதுவரை நான் அந்தப் பக்கம் கண்ணைக் கொண்டுபோகவே இல்லை.

கழற்றி எண்ணிப் பார்க்காமலே தெரிந்தது. அவர் மாட்டிவிட்டுப் போனது மட்டும் இல்லை இது. அவர் போன பிறகு வந்த நம்பர்கள்.

விசாரித்தேன். வார்னிஷ்காரர்தான் சொன்னார்.

“உன் தங்கச்சி தெனமும் கேட்டுல வந்து நிக்கா. அதே வில்லையே தொங்கினா அவளுக்கு என்னமோ போல இருக்காதா? ஒருநாள் நான்தான் புதுசு ஒண்ணு மாட்டினேன். அவ பாத்துச் சிரிச்சா.”

“மத்ததெல்லாம்?”

“ஆளாளுக்கு ஒண்ணு மாட்டிட்டாவ. அவரு வந்துருவாருன்னு ஒரு இதுதான்.”

மற்றவர்களின் ஆணி குட்டை. நாலாவது விழும். விழுகிற வில்லையைப் போட ஓர் இடம் வேண்டும். அவர் ஆணி நீளம். அதில் மாட்டினால் வேலையும் தீர்ந்தது, புண்ணியமும் ஆயிற்று. தவறு செய்தோம் என்று ஒருவர்கூட நினைக்கவில்லை. பலகையைப் பார்த்தால் பட்டறையிலேயே அதிகம் வேலை பார்க்கிறவர் படுக்கையில் கிடக்கிறவர்தான்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். எழுந்து வந்து பலகையைப் பார்த்தார்.

“அவர் வீட்டுல கேட்டுட்டு எடும்” என்றார். உள்ளே போய்விட்டார். அவருக்கும் எடுக்கச் சொல்ல வாய் வரவில்லை.

நானும் கேட்கப் போகவில்லை. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று கிடந்தது.

கோபாலசமுத்திரத்திலிருந்து ஓர் அம்மா வந்தாள். வாழை போட்டவள். அவள் மோட்டார் அந்தக் கொத்தில் மாட்டிக்கொண்டது. நாலைந்து தடவை வந்து திரும்பிப் போயிருக்கிறாள். அன்றைக்குப் பலகைக்கு எதிரே முந்தியை விரித்து உட்கார்ந்துவிட்டாள்.

“என் மோட்டாருக்கு அப்படி என்ன நோக்காடு? ஊர்ல எல்லாருக்கும் குடுக்கிய. எனக்கு மட்டும் நாளைக்கு, நாளைக்கு.”

“கட்டுற ஆளுக்கு மேலுக்கு முடியலம்மா” என்றான் ஐடிஐ பையன் ஒருவன்.

“இம்புட்டுப் பேரு நின்னுக்கிட்டு இருக்கிய, நீங்கள்லாம் என்ன, பொம்மையா? குலை தள்ளுற சமயம். வாழை நிண்ட நிலையில காயுது. அந்த ஆளு எப்ப வருவாரு? அதைச் சொல்லுங்க.”

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

“பாவம்” என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “என் வாழையும்தான் பாவம்.”

அன்று மத்தியானமே மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டிருந்தார்கள். வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பினது. தங்கை அதை நல்ல சேதியாக எடுத்துக்கொண்டாள். வாசல்பக்கம் தட்டில் பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள். நான் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது.

“நான் இங்கன படுத்துக்கிட்டே இம்புட்டு வேலை பாக்குதேனா? அண்ணாச்சிகிட்ட சொல்லி எனக்கு ஒரு மாலை போடச் சொல்லும்.”

சொன்ன பிறகு மாலை என்ற சொல் இரண்டு பேருக்கும் உறைத்தது. நான் தரையைப் பார்த்தேன்.

“அந்த வாழைக்கார அம்மா மோட்டாரை இங்கன கொண்டாரும்” என்றார்.

“உமக்கு முடியாது மாப்ள.”

“கொண்டாரும்னு சொல்லுதேன்லா.”

மறுநாள் காலையில் ஆட்டோவில் கொண்டுபோனேன். கம்பி, காகிதம், கட்டுகிற நூல், எல்லாம். தங்கைக்கு முகம் மலர்ந்துவிட்டது. சாக்கை விரித்துப்போட்டாள். அவர் முதுகுக்கு இரண்டு தலையணை வைத்தாள்.

“பாத்தியளா அண்ணே, வேலை இவுகளைத் தேடி வீட்டுக்கே வந்துட்டு.”

“போய் பீடியைக் குடுத்துட்டு வா. வரும்போது வெத்தலை வாங்கிட்டு வா” என்றார் அவர்.

அவள் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். தெருமுனை திரும்புகிறவரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் கம்பியைத் தொட்டார்.

மோட்டாருக்குள் சுற்றிலும் நீளப் பள்ளமாகக் காடி இருக்கும். கம்பியை அந்தக் காடியில் இழை இழையாக இறக்கவேண்டும். விரல் நுனியில்தான் வேலை. மூங்கில் சீவலால் தள்ளித் தள்ளி உள்ளே உட்காரவைக்கவேண்டும். அவர் விரல்கள் ஊதிப்போயிருந்தன. கம்பி உள்ளே போகவில்லை. விரலுக்கும் காடிக்கும் நடுவில் நசுங்கியது. திரும்ப எடுத்தார். நிமிர்த்தினார். திரும்ப இறக்கினார். கம்பியின் பூச்சு உரிந்தது. உரிந்த கம்பியைக் கட்டினால் மோட்டார் ஒருநாள்கூட ஓடாது. அது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

நான் கை நீட்டினேன்.

“சும்மா இரும்” என்றார்.

இன்னொரு காடியில் முயன்றார். நெற்றியில் வேர்த்தது. மூங்கில் சீவல் கையிலிருந்து நழுவிக் கட்டிலுக்கு அடியில் போனது. நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து எடுக்கப் போனேன்.

“எடுக்கவேண்டாம்.”

அவர் கையைத் துண்டில் துடைத்தார். இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி இருந்தது.

“ஆட்டோ நிக்குதா?”

“போயிட்டு. கூப்பிடணும்.”

“கூப்பிடும். அவ வாரதுக்கு முன்னால கொண்டுட்டுப் போயிரும். நான் கட்டி முடிச்சுட்டேன், நீரு எடுத்துட்டுப் போயிட்டீருன்னு சொல்லிக்கிடுதேன். கேட்டா நீரும் அதையே சொல்லும்.”

“சரி.”

“அப்புறம் புதுசா சேந்த ஆளுகள்ல கை நல்ல கை யாரு?”

சொன்னேன். களக்காட்டுப் பக்கத்து ஆள். பேச மாட்டான். வேலை சுத்தம்.

“அவனை என் இடத்துல உக்கார வையும். ஆணியும் அவனுக்கே குடுத்துரும்.”

நான் நசுங்கின கம்பியைச் சுருட்டத் தொடங்கினேன்.

“மச்சான், ஆணியை மொட்டையா விட்டா அவ கேட்டுல நிண்டு பாத்துட்டு அங்கனயே உக்காந்துருவா. வேற ஆளு வில்லை தொங்கினா அவளுக்கு என்ன தெரியும்? தகரம்தான தெரியும். தொங்கிக்கிட்டு இருக்கட்டும். நான் இருக்குற வரைக்கும் அவ பாத்துட்டுப் போகட்டும்.”

ஆணி இல்லாவிட்டால் சீக்காளி என்று சொன்னவர் அவர்தான். அதை நான் நினைவுபடுத்தவில்லை. அவர் மறந்திருக்கவும் மாட்டார்.

ஆட்டோவில் மோட்டாரை ஏற்றும்போது ஓட்டுகிறவன் கேட்டான். “என்ன அண்ணே, கொண்டாந்த மாதிரியே திரும்பக் கொண்டுபோறிய?” முன்னால் பார்த்து ஓட்டு என்றேன்.

பட்டறைக்கு வந்ததும் கொத்தைக் கழற்றினேன். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். “அவரே சொல்லிட்டாரு” என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. வார்னிஷ்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வில்லைகளை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தேன். நீள ஆணியைப் பிடுங்கினேன். அதே துளையில் குட்டை ஆணி அடித்து, களக்காட்டு ஆளுக்கு மூன்று வில்லையை அதில் மாட்டினேன். கேட்டிலிருந்து பார்த்தால் கொத்து இளைத்தது தெரியும், ஆள் மாறினது தெரியாது. போய் நின்று பார்த்துக்கொண்டேன்.

களக்காட்டு ஆள் அந்த ஸ்டூலில் உட்காரத் தயங்கினான்.

“நான் தரையில இருந்தே கட்டிக்கிடுதேன் அண்ணே.”

“உக்காரு. அவரு சொன்னது.”

முதல் வேலையாக வாழைக்கார அம்மாவின் மோட்டாரைக் கட்டினான். மறுநாள் அவள் வந்து எடுத்துப் போனாள். போகும்போது, “அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டாள். இருக்காரு என்றேன்.

வாரம் முடிவதற்குள் பலகை ஓடியது. காயில் கட்டத்தில் நிற்கவில்லை. கேட்டுக்கு வெளியே வரிசை குறைந்தது. புதிதாகச் சேர்த்தவர்களுக்கெல்லாம் வேலை கிடைத்தது. அண்ணாச்சி ஒருநாள் பலகைக்கு முன்னால் நின்று, “இப்பத்தான்வே ஓடுது” என்றார். சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தார்போல. தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் வேலை விட்டதும் மாப்பிள்ளையைப் பார்க்கப் போவேன்.

“இன்னைக்கு ஆணியில எத்தனை?”

“மூணு.”

“கை எப்படி?”

“நல்ல கைதான்.”

“வேகம்?”

“உம்மவிட மெதுவு.”

“பொய் சொல்லாதியும்” என்பார். ஆனாலும் அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. தினமும் அதையே கேட்டார். நானும் அதையே சொன்னேன். தங்கை காப்பி கொண்டுவரும்போது பேச்சை மாற்றிவிடுவோம்.

அவளும் சில நாள் சொல்வாள். “பீடி குடுக்கப் போகும்போது பாத்தேன். வில்லை தொங்குது. அங்கன எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காவ. நீங்க நல்லாச் சாப்பிட்டாத்தான எந்திரிக்க முடியும்?” கஞ்சியை ஊட்டுவாள். அவர் வேண்டாம் என்று சொல்லாமல் குடிப்பார். குடித்தது தங்காது.

ஆனி மாதக் கடைசியில் கேள்விகள் குறைந்தன. எத்தனை என்று மட்டும் கேட்டார். பிறகு கண்ணால் கேட்டார். நான் விரலைக் காட்டுவேன். ஆடிக்காற்று தொடங்கின வாரம், காலையில், தங்கை வெந்நீர் வைத்துக்கொண்டிருக்கும்போது போய்ச்சேர்ந்தார்.

பட்டறையில் எல்லோரும் வந்து தூக்கினார்கள். அன்றைக்கு வேலை இல்லை. மறுநாள் வேலை இருந்தது. நான் காரியமெல்லாம் முடித்துவிட்டுத்தான் போனேன். போய்ப் பலகையைப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது. ஓரிடத்திலும் நிற்கவில்லை.

ஆவணியில் தங்கை திரும்பவும் பீடி சுற்ற உட்கார்ந்தாள். முதல் தடவை கொடுக்கப் போகிற அன்று கேட்டில் நிற்கவில்லை. நேரே உள்ளே வந்துவிட்டாள். அவள் பட்டறைக்குள் வந்ததே இல்லை. ஆட்கள் எழுந்து நின்றார்கள். களக்காட்டு ஆள் ஸ்டூலை விட்டு எழுந்து பின் ஷெட்டுக்குப் போய்விட்டான்.

பலகையைப் பார்த்தாள். மேல் வரிசை முதல் ஆணியில் மூன்று வில்லை தொங்கியது.

“அண்ணே” என்றாள். “ஒண்ணு சொல்லணும்னு வந்தேன். அவுக வில்லையை இன்னும் எடுக்காம வச்சிருக்கிய. எனக்காகத்தான்னு தெரியும். போதும். எடுத்து வேற யார்கிட்டயாவது குடுத்துருங்க. பாவம், மோட்டாரு குடுத்த சம்சாரிக காத்துக்கிட்டு இருப்பாவ.”

வார்னிஷ்காரர் தலையைக் குனிந்துகொண்டார். சரி, எடுத்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். நாளைக்கும் அவள் இந்த வழியாகத்தான் போவாள். நாளைக்கும் அதில் வில்லை தொங்கும்.

“அது அவரு வில்லை இல்ல. வேற ஆளுக்குள்ளது” என்றேன்.

“எப்ப இருந்து?”

“சித்திரையில இருந்து.”

அவள் கணக்குப் பார்க்கிற மாதிரி நின்றாள்.

“அவுகளுக்குத் தெரியுமா?”

“அவரு சொல்லித்தான் குடுத்தேன்.”

“வீட்டுல வச்சு ஒரு மோட்டாரு கட்டினாவளே. வெத்தலை வாங்கிட்டு வாரதுக்குள்ள முடிச்சுட்டேன்னு சொன்னாவ. அது?”

நான் இல்லை என்று தலையை அசைத்தேன்.

அவள் அழவில்லை. ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு” என்றாள். “அவுக எந்திரிச்சு வந்துருவாவன்னு நான் ஒருத்திதான் இருந்திருக்கேன்.”

வெளியே மானூர் டெம்போ வந்து ஆரன் அடித்தது. மோட்டார் இறக்க ஆட்கள் போகவேண்டும். அவள் பீடித் தட்டை மாற்றிப் பிடித்துக்கொண்டு, வழிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.